பங்கோர் ஒரு இரவு: எந்த வாரம் போகலாம், எங்கே சாப்பிடலாம், இரவில் என்ன இருக்கு?

தோட்டத்துத்_திலகா
வணக்கம். பேராக்கில இருக்கிற சுங்கை சிப்புட்டிலிருந்து 26 பேர் பங்கோர் தீவுக்குப் போறோம், ஒரு இரவு தங்கல். 6 பேர் அறுபதைத் தாண்டினவங்க, 9 பிள்ளைங்க, 4 பேர் சுத்த சைவம். வாடகை பஸ் லுமுட் வரைக்கும், அங்கிருந்து பெரி, அதாவது பயணிகள் படகு. மாசி மகம் வர்ற வாரக்கடைசியா, இல்ல அதுக்கு அடுத்த வாரக்கடைசியான்னு இன்னும் முடிவாகல. சாப்பாடு, சுத்திப் பார்க்கிறது, ராத்திரிக்கு இளவட்டங்களுக்கு என்ன இருக்குன்னு விவரமா சொல்லுங்க.

கெடா_வளவன்
இளவட்டங்களுக்கு இரவுதான் முக்கியம்னா லங்காவித் தீவுக்குப் போங்க. பந்தாய் செனாங்ல கடற்கரையிலேயே நெருப்பு விளையாட்டு, பாட்டு, பார் எல்லாம் நடுராத்திரி தாண்டியும் நடக்கும். பங்கோர் பத்து மணிக்கெல்லாம் அடங்கிடும்.

கடலோரக்_கணக்கர்
வளவன் சொல்வது சரி, ஆனால் ஒரு இரவுக்கு லங்காவி தாங்காது. சிப்புட்டிலிருந்து குவாலா கெடா அல்லது குவாலா பெர்லிஸ், அங்கிருந்து பெரி ஒரு மணி நேரத்துக்கு மேல், பிறகு தீவுக்குள் வண்டி. பயணத்திலேயே ஒரு நாள் போய்விடும். லுமுட் இரண்டு மணி நேரம், பஸ் என்றால் இரண்டரை. பெரியில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் தீவு. பெரியவர்களும் பிள்ளைகளும் இருக்கும் கூட்டத்துக்குப் பங்கோர்தான்.

தேதிக்கு வருவோம். பங்கோருக்கு நாள் குறிக்கும்போது பள்ளி விடுமுறையைப் பார்க்கும் முன்னால் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் திதியைப் பாருங்கள். அங்கே மீன் விலை, கடல் தெளிவு, இரவில் படகில் போனால் கணவாய் கிடைக்குமா கிடைக்காதா, மூன்றையும் தீர்மானிப்பது நிலாதான்.

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விளக்கு வைத்து மீன் பிடிக்கும் பெரிய வலைப் படகுகள் கரையிலேயே கிடக்கும். கடல் முழுக்க நிலா வெளிச்சம் பரவியிருந்தால் படகின் விளக்கைத் தேடி மீன் கூடி வராது. அதனால் கெம்போங், செலார் மாதிரி மீன்கள் குறைந்து விலை ஏறும். அதோடு பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஏற்றவற்றம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது, பெரிதாக இருக்கும். நீரோட்டம் இழுக்கும், அடிச்சேறு கலங்கும், முகக்கண்ணாடி போட்டுக் குனிந்தால் பச்சைத் தண்ணீர்தான் தெரியும். மலாக்கா நீரிணையில் கடல் ஏற்கெனவே கொஞ்சம் கலங்கல், அதில் இதுவும் சேர்ந்தால் பவளப்பாறை பார்க்கப் போனவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. பங்கோரில் கடலைப் பார்த்த ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோவிலில் அன்று பெரிய திருவிழா, பேராக் முழுக்க இருந்து சனம் வரும். சாமி பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த வாரமே போங்கள், அதற்கு ஈடு இல்லை. ஆனால் கடல் பார்க்க, மீன் சாப்பிட, அறை மலிவாகக் கிடைக்க வேண்டுமென்றால் அது சரியான வாரம் இல்லை.

அடுத்த வாரக்கடைசி தேய்பிறை அஷ்டமி, நவமி, தசமி பக்கம் வரும். அரை நிலா நாட்களிலும் அதற்கு ஓரிரு நாள் பிறகும் ஏற்றவற்றம் மிகச் சிறிதாக இருக்கும், தண்ணீர் தெளியும். தேய்பிறையில் நிலா நடுராத்திரிக்கு மேல்தான் எழும்பும். ஆக இரவு எட்டேகால் வாக்கிலிருந்து நல்ல இருட்டு, படகுகள் கடலில் இருக்கும், கணவாய்த் தூண்டிலும் வேலை செய்யும்.

அம்மாவின்_அஞ்சறைப்பெட்டி
எல்லாம் சரிங்க, அஷ்டமி நவமியில பிரயாணம் கிளம்பச் சொன்னா எங்க வீட்டுப் பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்களே.

கடலோரக்_கணக்கர்
நவமி கழிந்து தசமியில் கிளம்புங்கள். கடலுக்கும் அது இன்னும் நல்லது. அரை நிலா அன்றைவிட ஒரு நாள், இரண்டு நாள் தள்ளித்தான் ஏற்றவற்றம் அடிமட்டத்துக்குக் குறையும். நிலாவும் அன்று இன்னும் தாமதமாக வரும். பெரியவர்கள் சொல்வதும் கடல் சொல்வதும் இங்கே ஒத்துப் போகிறது.

லுமுட்_வழித்துணை
போக்குவரத்தை நான் சொல்றேன். பஸ்னா ஈப்போ, ஸ்ரீ இஸ்கந்தர், போத்தா, சித்தியவான் வழிதான் நல்லது, அகலமான சாலை. குவாலா கங்சாரிலிருந்து மானோங், புருவாஸ் வழியா காருக்குச் சரி, பெரிய பஸ்ஸுக்கு வேண்டாம்.

லுமுட் ஜெட்டியில போக வர டிக்கெட் சேர்த்தே வாங்குங்க. டிக்கெட்டை ஒரே ஆள் வெச்சிருக்கட்டும், 26 பேர் கையில கொடுத்தா திரும்பும்போது நாலு காணாமப் போகும். பெரி சில சமயம் முதல்ல சுங்கை பினாங் கெச்சில்ல நிக்கும். புதுசா வர்றவங்க பாதிப் பேர் அங்கேயே இறங்கிடுவாங்க. இறங்காதீங்க, அடுத்த நிறுத்தம்தான் பங்கோர் ஊர். இறங்கினதும் கடைசி பெரி நேரம் எழுதியிருக்கிற பலகையை ஒரு படம் எடுத்துக்குங்க.

ஊருக்குள்ள ஓடுறது இளஞ்சிவப்பு வேன். 26 பேருக்கு மூணு வேனாவது வேணும். ஒரு வழிக்கு எவ்வளவு, முழுத்தீவு சுத்துறதுக்கு எவ்வளவு, எத்தனை இடத்துல நிப்பாட்டுவீங்க, எவ்வளவு நேரம்னு ஏறுறதுக்கு முன்னாடியே பேசி முடிங்க. மோட்டார் வாடகைக்குக் கிடைக்கும், லைசென்ஸ் இருக்கிறவங்க மட்டும் ஓட்டட்டும். தெலுக் டாலாமிலிருந்து சுங்கை பினாங் கெச்சில் பக்கம் இறங்குற மலைப்பாதை ரொம்பச் செங்குத்து. அங்க ரெண்டு பேரா ஓட்டும்போது பிரேக்கையே பிடிச்சுக்கிட்டு வந்தா சூடேறிப் பிடிக்காமப் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் பின்னாடி உட்கார்ந்தவங்க இறங்கி நடக்கிறது நல்லது.

தோட்டத்துத்_திலகா
அப்போ தசமிதான்! நன்றிங்க. எந்தப் பக்கம் முதல்ல பார்க்கணும்?

லுமுட்_வழித்துணை
காலையில கிழக்கு, மாலையில மேற்கு. கிழக்குக் கரையிலதான் மீன்பிடி கிராமங்கள், ஜெட்டி, கருவாட்டுக் கடை, படகு கட்டுற பட்டறை, ஃபூ லின் கோங் சீனக் கோவில், தண்ணிமேல கட்டின பள்ளிவாசல், டச்சுக் கோட்டை எல்லாம். மேற்குக் கரையில பாசிர் போகாக், தெலுக் நிப்பா, கோரல் பே, அதாவது குளிக்கிற இடங்கள். மதியம் வெயில் உச்சியில இருக்கும்போது ரெண்டு பக்கமும் வேண்டாம், அறையில தூங்குங்க.

வரலாற்று_வாசகி
டச்சுக் கோட்டையை வேன்காரர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தெலுக் கெடோங்கில் இருக்கும் இந்தக் கோட்டையை டச்சுக்காரர்கள் 1670-ல் பேராக் வெள்ளீயத்தைச் சேமித்து வைக்கக் கட்டினார்கள். 1690-ல் உள்ளூர்க்காரர்கள் தாக்கி அழித்தார்கள், 1743-ல் டச்சுக்காரர்கள் திரும்பக் கட்டினார்கள், சில வருடங்களில் கைவிட்டுப் போய்விட்டார்கள். இன்று நிற்பது கூரை இல்லாத செங்கல் சுவர்கள், 1973-ல் சீரமைக்கப்பட்டவை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பத்து பெர்சூராட் என்ற பெரிய பாறை. அதைத் தவற விடாதீர்கள். பாறையின் முகத்தில் 1743 என்ற வருடம், டச்சுக் கம்பெனியின் முத்திரை எழுத்துகள், ஒரு பிள்ளையைக் கவ்வும் புலி. நேர் வெயிலில் செதுக்கல் தட்டையாகத் தெரியும். காலை சாய்வெயில் பட்டால் கோடுகளில் நிழல் விழுந்து புலியின் உருவம் துல்லியமாக எழும். பிள்ளைகளைப் பாறையில் ஏற விடாதீர்கள், செதுக்கல் ஏற்கெனவே தேய்ந்து வருகிறது.

1874 ஜனவரி 20-ல் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பேராக்குக்கு பிரிட்டிஷ் ரெசிடெண்ட், அதாவது ஆலோசக அதிகாரி, வந்தது அதன் பிறகுதான். ரப்பர்த் தோட்டங்களும், அவற்றுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்ததும் அந்த ஆட்சியின் கீழ் நடந்தவை. சிப்புட்டில் நம் சனம் இருப்பதற்கும் இந்தத் தீவின் பெயருக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்டு.

அம்மாவின்_அஞ்சறைப்பெட்டி
சாப்பாடு. முதல்ல சைவக்காரங்க நாலு பேர். பங்கோர் ஊருக்குள்ள ரொட்டி சானாய் கிடைக்கும், ஆனா மூணு வேளையும் நம்ம கடையை நம்பிப் போகாதீங்க. மலாய்க் கடையில "சாயுர்" (காய்கறி) மட்டும்னு சொன்னா பத்தாது. காங்கோங் கீரையில பெலாச்சான் (இறால் விழுது) விழும், மீகோரெங்ல காய்ஞ்ச இறால் விழும். "தாக் மாவ் பெலாச்சான், தாக் மாவ் உடாங் கெரிங், தாக் மாவ் இக்கான் பிலிஸ்"னு மூணையும் பேர் சொல்லிச் சொல்லணும், அதாவது இறால் விழுது, காய்ஞ்ச இறால், நெத்திலி வேண்டாம்னு. சீனக் கடைன்னா கூடவே "தாக் மாவ் சோஸ் திராம்", அது சிப்பியில செய்றது. இரும்புச் சட்டியைக் கழுவித் தாளிக்கச் சொன்னா செஞ்சு தருவாங்க, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி, ஆறரைக்குள்ள போய்க் கேளுங்க. கையோட ரெண்டு வேளைக்குப் புளிச்சாதம் கட்டிக்கிட்டுப் போறது உத்தமம். அரைச்ச தேங்காய்ச் சட்னி வேண்டாம், பஸ்ஸிலேயே ஊசிடும்.

மீன் சாப்பிடுறவங்களுக்கு: மெனுவில இருக்கிற விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு. 8 வெள்ளின்னு (ரிங்கிட்) பார்த்து ஒரு மீனைக் காட்டுவீங்க, மீன் 900 கிராம் இருந்தா 72 வெள்ளி. கடைக்காரர் ஏமாத்தல, நாம படிக்கல. மீனைக் காட்டி, கண்ணு முன்னாடி எடை (திம்பாங்) போடச் சொல்லி, எடையைக் கேட்டு, பெருக்கிப் பார்த்துட்டுத்தான் "மாசாக்" (சமைங்க) சொல்லணும். 26 பேருக்குப் பெரிய மீன் ஒண்ணைவிட நடுத்தர மீன் நாலு சிக்கனம், சமமா வேகும்.

கெம்போங்_சுடுபவர்
ஒரு இரவு கடையில், ஒரு மதியம் நீங்களே சுட்டுச் சாப்பிடுங்கள். தங்கும் இடத்தில் அடுப்பும் கம்பியும் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள், கடற்கரை மணலில் தீ மூட்டாதீர்கள்.

காலையில் பங்கோர் ஊரில் கெம்போங் வாங்குங்கள். கண் தெளிவாகத் துருத்திக்கொண்டு, செவுள் சிவப்பாக, தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் தொங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். 1 கிலோவுக்கு, மீன் அளவைப் பொறுத்து, ஏழெட்டு வரும். ஆளுக்கு இரண்டு என்று சைவக்காரர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கழித்தால் 5 கிலோ போதும்.

1 கிலோவுக்கு மசாலா: மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, சோம்புத்தூள் 1 தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, எலுமிச்சையளவு புளியின் கெட்டிக் கரைசல், எண்ணெய் 2 மேசைக்கரண்டி. மீனில் இரு பக்கமும் முள் தட்டும்வரை மூன்று கீறல். மசாலா தடவி அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். உப்பும் புளியும் அதிக நேரம் ஊறினால் சதை தண்ணீர் விட்டுப் பிசுபிசுத்துப் போகும்.

பெரும்பாலோர் கெடுப்பது தீயில். கரி கறுப்பாக, சுவாலையோடு இருக்கும்போதே மீனை வைத்தால் தோல் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். கரி முழுக்கச் சாம்பல் பூத்து, அடியில் சிவப்பாகக் கனியும்வரை பொறுங்கள். கம்பியை முதலில் வெறுமனே ஐந்து நிமிடம் சூடாக்கி, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தோய்த்துத் தேய்த்துவிட்டு மீனை வையுங்கள். ஆறேழு நிமிடம் கை வைக்கக் கூடாது. வெந்த பக்கம் தானாகவே கம்பியை விட்டு எழும்பும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள், பிய்க்காதீர்கள். சித்தியவானில் வண்டி நிற்கும்போது ஒரு போத்தல் கம்போங் கோ மிளகாய்ச் சாஸ் வாங்கிக்கொண்டால் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம்.

கெடா_வளவன்
சரி, இரவு? பிள்ளைங்க பத்து மணிக்குத் தூங்கிடுவாங்க, இளவட்டங்க?

கணவாய்த்_தூண்டில்
இதுக்குத்தான் தசமி இருட்டு. படகுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சா கணவாய் பிடிக்கக் கூட்டிட்டுப் போவாங்க, மலாய்ல சண்டாட் சோத்தோங். படகுக்கு எத்தனை பேர், லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம்தான் காசு பேசணும். வயித்தைப் பிரட்டுறவங்க கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை போட்டுக்கணும், படகு ஆட ஆரம்பிச்ச பிறகு போட்டா சரியா வேலை செய்யாது.

படகோரம் விளக்கு எரியும், வெளிச்சத்துக்குச் சின்ன மீன் வரும், அதைத் தின்னக் கணவாய் வரும். கணவாய் வெளிச்சத்துக்குள்ள நிக்காது, வெளிச்சம் முடிஞ்சு இருட்டு ஆரம்பிக்கிற விளிம்புல நிக்கும். அதனால தூண்டிலை நேரா விளக்குக்கு அடியில போடாம விளிம்புல போடுங்க. அடி தட்டும்வரை விட்டு, ரெண்டு முழம் மேல தூக்கி, மெதுவா இழுத்து விடணும். கனமா, ஈரத்துணி மாட்டின மாதிரி ஒரு இழுவை தெரியும். மீன் மாதிரி வெட்டி இழுக்காது.

கணவாய்த் தூண்டில்ல இருக்கிற ஊசிக் கொத்துல, மாட்டினதைக் கழண்டு போகாமப் பிடிக்கிற எதிர்முள் கிடையாது. நூல் ஒரு நொடி தொய்ஞ்சாலும் கணவாய் கழண்டு போயிடும். ஒரே வேகத்துல, நிப்பாட்டாம இழுங்க. தண்ணிக்கு மேல வந்ததும் உடனே படகுக்குள்ள தூக்காதீங்க. கடல் பக்கமாவே ரெண்டு நொடி பிடிச்சா மையைப் பீச்சி முடிச்சிடும், அப்புறம் உள்ளே.

பிடிச்சதை நேரா ஐஸ் தண்ணியில போடக் கூடாது. நல்ல தண்ணி பட்டா தோல் வெளுத்து, இனிப்பும் போயிடும். பிளாஸ்டிக் பையில கட்டி, பையை ஐஸ் மேல வைங்க. சமைக்கிறப்போ பெரிய தீயில ரெண்டு நிமிஷம், இல்லைன்னா சின்னத் தீயில அரை மணி நேரத்துக்கு மேல. நடுவுல எடுத்தா ரப்பர் மாதிரிதான் இருக்கும்.

படகு வேண்டாங்கிறவங்களுக்குத் தெலுக் நிப்பா கடைத்தெரு இருக்கு, பர்கர், இளநீர், துணிக்கடை. உட்கார்ந்து பேசுறதுக்கு நல்ல இடம். செனாங் மாதிரி பாட்டுக் கச்சேரி எதிர்பார்க்காதீங்க.

ரப்பர்_பால்
பங்கோரும் வரியில்லாத் தீவுதானே, பீர் மலிவா இருக்கும்ல?

கடலோரக்_கணக்கர்
இல்லை. 2020 ஜனவரி 1-லிருந்து பங்கோர் வரியில்லாத் தீவு, ஆனால் மது, புகையிலை, வாகனம் மூன்றுக்கும் அந்தச் சலுகை இல்லை. மது மலிவு என்பது லங்காவி. அங்கேயும் 48 மணி நேரம் தங்கியிருந்தால்தான் 1 லிட்டர் வரியில்லாமல் வெளியே கொண்டுவரலாம். பங்கோரில் சாக்லேட், பாத்திரம் பாருங்கள்.

வரலாற்று_வாசகி
மாலை ஆறரை வாக்கில் தெலுக் நிப்பாவில் இருவாச்சிப் பறவைகள் மரத்திலிருந்து இறங்கி வரும், கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, மஞ்சள் அலகின் மேல் இன்னொரு அலகு கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கொண்டை. ரொட்டி, கெரோப்போக் (மீன் அப்பளம்) போடாதீர்கள். உப்பும் எண்ணெயும் அவற்றுக்குக் கேடு. குரங்குகளுக்கு எதுவுமே காட்டாதீர்கள். பிளாஸ்டிக் பைச் சத்தம் கேட்டாலே பிடுங்க வரும், பிள்ளைகள் பயந்து ஓடினால் துரத்தும்.

அம்மாவின்_அஞ்சறைப்பெட்டி
கருவாடு வாங்குறதை யாரும் சொல்லலையே. இக்கான் பிலிஸை அங்க பிடிச்ச படகிலேயே உப்புத்தண்ணியில வேக வெச்சு, கரைக்கு வந்து காய வைப்பாங்க. வாங்கும்போது ஒரு பிடி உள்ளங்கையில எடுத்துப் பாருங்க. தலை ஒட்டியிருக்கணும், வயிறு வெடிக்காம இருக்கணும், நிறம் வெள்ளி மாதிரி இருக்கணும். வயிறு வெடிச்சிருந்தா பிடிச்சு ரொம்ப நேரம் கழிச்சு வேக வெச்சதுன்னு அர்த்தம். மஞ்சள் ஓடியிருந்தா பழசு. விரலால உடைச்சா சட்டுனு முறியணும், வளைஞ்சா ஈரம் இருக்கு, எடைக்குத் தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீங்க.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் வெயில்ல போட்டு, ஆற வெச்சு, காத்துப் போகாத டப்பாவில பிரீசர்ல வைங்க. சூடா மூடினா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மீன் சாத்தேன்னு இனிப்பும் காரமுமா தட்டையா ஒண்ணு விக்கும், பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். அதை வாங்கினா பஸ்ஸில தனிப் பையில கட்டுங்க.

தோட்டத்துத்_திலகா
எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டேன். தசமி சனிக்கிழமை காலை 5:30 பஸ், கிழக்குப் பக்கம் முதல்ல, மதியம் தூக்கம், மாலை தெலுக் நிப்பா, ராத்திரி எட்டுப் பேருக்குப் படகு. ஞாயிறு காலையில கடல்ல இறங்கிட்டு, மதியம் மீன் சுட்டுட்டு 4 மணி பெரி. கடல்ல இறங்கும்போது ஏதாவது பார்த்துக்கணுமா?

லுமுட்_வழித்துணை
ரெண்டு மாத்தம் திலகா. கோரல் பேயிலும் எதிர்ல இருக்கிற புலாவ் கியாமிலும் பாறைக்கு நடுவுல கடல் முள்ளெலி இருக்கு. வெறுங்கால் வேண்டாம், ரப்பர் அடி வெச்ச செருப்பு, பின்பக்கம் பட்டை இருக்கிறதா வாங்குங்க. முள் ஏறினா ஊசி வெச்சுக் குடையாதீங்க, உள்ளேயே நொறுங்கும். வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிறதை மட்டும் எடுத்துட்டு, பொறுக்கிற சூட்டுத் தண்ணியில காலை வைங்க, மீதியை கிளினிக்ல காட்டுங்க. சொறிமீன் பட்டா தேய்க்காம, நல்ல தண்ணி ஊத்தாம வினிகர் ஊத்தணும். ஒரு போத்தல் வினிகர் பையில கிடக்கட்டும்.

அப்புறம் ஞாயிறு 4 மணி பெரி வேண்டாம். மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் ஜெட்டி வரிசை ஊருக்குள்ள நீளும், ஆறு பெரியவங்க வெயில்ல நிக்க வேண்டியிருக்கும். மீனை 11 மணிக்கே சுட ஆரம்பிச்சு, ரெண்டு மணிக்குள்ள ஜெட்டிக்கு வந்துடுங்க. பஸ்காரர்கிட்ட லுமுட்டில 2:30-ன்னு சொல்லி வைங்க.

தோட்டத்துத்_திலகா
2 மணின்னு மாத்திட்டேன். கரி 11-க்குக் கனியணும்னா பத்தேகாலுக்கே மூட்டணும், அதையும் எழுதிட்டேன்.